விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்று இயங்குதளக் கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு சிறிய பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் இரண்டு விண்டோஸ் கணினிகளில் நடக்கின்றன. பக்க வடிவமைப்பு ஒரு மேக்கில் நடக்கிறது. வேகம் குறைந்துபோன பழைய கணினி ஒன்று லினக்ஸ் நிறுவப்பட்டு மூலையில் இருக்கிறது. கோப்புகள் பென் டிரைவில் மேசைக்கு மேசை போய் வருகின்றன. ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘இறுதி-திருத்தியது’ என்று ஒரே நூலுக்கு மூன்று கோப்புகள் மூன்று இடங்களில் கிடக்க, அச்சுக்குப் போவது பெரும்பாலும் தவறான கோப்பாகவே இருக்கும். இந்த நான்கு கணினிகளையும் ஒரே வலையமைப்பில் சேர்த்து, ஒரே கோப்புறையை எல்லாரும் திறந்து எழுதும்படி செய்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் இதே முறை பொருந்தும்.

இயங்குதளங்கள் வேறுபடுவதால்தான் இணைப்பு கடினமாகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில் அது பாதி உண்மைகூட இல்லை. மூன்று இயங்குதளங்களுக்கும் பொதுமொழி கிடைத்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்று கணினிகள் முரண்டு பிடிப்பது ‘நீ என்ன பேசுகிறாய்’ என்பதில் அல்ல, ‘நீ யார்’ என்பதில்தான். ஆகவே பயனர் பெயர், கடவுச்சொல், அனுமதி ஆகியவற்றுக்கு இங்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது. திரையில் ஆங்கிலத்தில் தோன்றும் பட்டியல் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் உள்ளிட வேண்டும்.

பொதுமொழியைத் தேர்ந்தெடுத்தல்

விண்டோஸ் பேசும் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. 1983ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபெய்கன்பாம் இதற்கு அடித்தளம் இட்டார். பின்னர் மைக்ரோசாஃப்ட் இதைத் தன்னுடையதாக்கி வளர்த்தது. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்தே இந்த நெறிமுறையை யூனிக்ஸ் கணினிகளுக்கு எழுதத் தலைப்பட்டார். அதற்கு முதலில் வைத்த பெயரை வேறொரு நிறுவனம் வணிக முத்திரையாக வைத்திருந்ததால், எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களை அகரமுதலிக் கோப்பில் தேடி, ‘சாம்பா’ என்ற பெயரை அவர் எடுத்துக்கொண்டார். லினக்ஸ் கணினியை விண்டோஸ் கணினிகளின் கண்ணுக்கு இன்னொரு விண்டோஸ் வழங்கியாக (கோப்புகளை மற்றவற்றுக்குத் தரும் கணினியாக) தோன்றச் செய்வது அந்தச் சாம்பாதான். ஆப்பிள் நிறுவனம் நெடுங்காலம் ஏஎஃப்பி என்னும் தன் சொந்த நெறிமுறையை வைத்திருந்தது. 2013இல் வெளியான மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து அதுவும் எஸ்எம்பியையே முதன்மை வழியாக ஏற்றுக்கொண்டது.

எனவே தேர்வு எளிது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் வெளியிட்ட என்எஃப்எஸ், லினக்ஸ் கணினிகள் மட்டுமே உள்ள இடத்தில் நன்றாக வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் கலந்த இடத்தில் அதைத் தேர்ந்தெடுப்பது தேவையற்ற தலைவலி. மூன்றும் கலந்த இடத்தில் எஸ்எம்பி ஒன்றே போதும். மூலையில் இருக்கும் லினக்ஸ் கணினி பொதுக் கோப்புறையை வைத்திருந்து மற்றவற்றுக்கு வழங்கும்.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘மேக்கின் வட்டு வடிவம் ஏபிஎஃப்எஸ், லினக்ஸின் வட்டு வடிவம் இஎக்ஸ்டி4, இவற்றை விண்டோஸ் எப்படிப் படிக்கும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வட்டைக் கழற்றி நேரடியாகச் செருகினால்தான் அந்தக் கேள்வி எழும். வலையமைப்பின் வழியே வரும்போது, வட்டைப் படிப்பது அந்த வட்டு இருக்கும் கணினியின் வேலை. கேட்கும் கணினிக்குக் கோப்பின் உள்ளடக்கம் மட்டுமே வந்து சேர்கிறது.

முதற்படி: எல்லாக் கணினிகளும் ஒரே தெருவில் இருக்கின்றனவா?

பகிர்வு அமைப்புகளைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு கணினியின் ஐபி முகவரியையும் (வலையமைப்பில் அதைக் கண்டடைய உதவும் எண்ணையும்) ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று உள்ளிட்டால் முகவரி தெரியும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸின் நெட்வொர்க் பகுதியிலும், லினக்ஸில் ‘ஐபி ஏ’ என்னும் கட்டளையிலும் அதைக் காணலாம். வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். மூன்றாவது எண்ணும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி எண் மட்டும் வேறுபட வேண்டும். ஏதேனும் ஒரு கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால், அதற்கு ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கம்பியையோ வைஃபையையோ சரிபார்த்த பிறகுதான் மேலே செல்ல வேண்டும்.

ஒரு கணினி 192.168.0 என்றும் இன்னொன்று 192.168.1 என்றும் தொடங்குவது நம் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி. இணையச் சேவை தருபவர் வைத்துவிட்டுப் போன பெட்டியே ஒரு ரூட்டராக இருக்க, வைஃபை எட்டவில்லை என்று கடையில் வாங்கிய இரண்டாவது ரூட்டரை அதன் பின்னால் செருகிவிடுகிறோம். இரண்டும் தனித்தனியே முகவரி வழங்குவதால் ஒரே வீட்டில் இரண்டு வலையமைப்புகள் உருவாகிவிடுகின்றன. உள் ரூட்டரில் இருப்பவரால் வெளி ரூட்டரில் உள்ள கணினியைத் திறக்க முடியும், எதிர்த்திசையில் முடியாது என்பதால், ‘அங்கிருந்து வருகிறது, இங்கிருந்து வரவில்லை’ என்ற குழப்பம் நாள்கணக்கில் நீளும். இரண்டாவது ரூட்டரில் ‘அக்சஸ் பாயின்ட்’ என்ற அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். இல்லையெனில், அதன் சொந்த முகவரியை முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, அதிலுள்ள டிஹெச்சிபி என்னும் முகவரி வழங்கும் சேவையை அணைத்து, கம்பியை வேன் துளையில் அல்லாமல் லேன் துளையில் செருகுங்கள். விருந்தினர்களுக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் எந்தக் கணினியையும் இணைக்க வேண்டாம். அதில் இருப்பவை ஒன்றையொன்று பார்க்காதபடி தடுப்பதுதான் அதன் வேலை.

அடுத்து, கோப்புகளை வழங்கப்போகும் லினக்ஸ் கணினிக்கு மாறாத முகவரி ஒன்று வேண்டும். கணினியிலேயே முகவரியை எழுதி வைப்பதைவிட, ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு ஒரு குறிப்பிட்ட ஐபியை ஒதுக்கிவிடுவதே நல்லது. இங்கே ‘மேக் முகவரி’ என்பது வலையட்டையின் அடையாள எண். ஆப்பிள் கணினிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் எடுத்துக்காட்டில் லினக்ஸ் கணினிக்கு 192.168.1.10 என்று ஒதுக்கிக்கொள்வோம்.

முடிந்தால் இந்தக் கணினியைக் கம்பியில் இணையுங்கள். கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்குக் கோப்புகள் நகரும். 100 மெகாபிட் இணைப்பில் 11, 12 மெகாபைட்டோடு நின்றுவிடும். கருவிகள் எல்லாம் கிகாபிட்டாக இருந்தும் வேகம் 12ஐத் தாண்டவில்லையென்றால், கம்பியின் 8 இழைகளில் 4 மட்டுமே சரியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: யார் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்தல்

வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வகுத்துக்கொள்ளுங்கள். பெயர் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பகிர்ந்த கோப்புறையைத் திறக்கும்போது விண்டோஸ், தற்போது உள்நுழைந்திருப்பவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் முதலில் சத்தமில்லாமல் அனுப்பிப் பார்க்கும். அவை லினக்ஸ் கணினியில் உள்ளவற்றோடு பொருந்தினால் கேள்வியே கேட்காமல் கதவு திறந்துவிடும். எனவே, விண்டோஸில் உள்ளூர்க் கணக்கு வைத்திருப்பவருக்கு அதே பெயரையும் கடவுச்சொல்லையும் லினக்ஸ் கணினியிலும் தருவது பாதித் தொல்லையைக் குறைக்கும்.

கடவுச்சொல்லே இல்லாமல், யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று ‘கெஸ்ட்’ முறையில் விட்டுவிடலாமே என்று தோன்றும். பழைய வழிகாட்டிகள் பலவும் அப்படித்தான் சொல்கின்றன. அந்தக் காலம் போய்விட்டது. விண்டோஸ் 10இன் நிறுவனப் பதிப்புகள் 2017 முதலே அடையாளமற்ற இணைப்பை மறுக்கத் தொடங்கின. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து புரோ பதிப்பும் அதை மறுக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, நிறுவனமே இல்லாத வீட்டுக்காரர் திகைத்து நிற்பார். அந்தத் தடையை நீக்கும் குறுக்குவழிகளைத் தேடுவதைவிட, ஆளுக்கொரு கணக்கு உருவாக்குவதற்குக் குறைந்த நேரமே ஆகும்.

எஸ்எம்பியின் முதல் பதிப்பை மீண்டும் இயக்கச் சொல்லும் குறிப்புகளையும் அதே காரணத்துக்காகப் புறக்கணியுங்கள். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாகிரை தீநிரல், அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியாகவே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், நிறுவாதவர்கள் அகப்பட்டார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதல் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை அணைத்தே வைத்திருக்கிறது.

மூன்றாம் படி: லினக்ஸ் கணினியில் சாம்பாவை அமைத்தல்

உங்கள் லினக்ஸ் வகை உபுண்டு, டெபியன், ஃபெடோரா எதுவாக இருந்தாலும், அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே சாம்பா இருக்கிறது; அதை நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு, பகிர்வதற்கான அடைவை, அதாவது கோப்புறையை, உருவாக்க வேண்டும். பலரும் தங்கள் ஹோம் அடைவுக்குள் ஒரு கோப்புறையை உருவாக்கிப் பகிர்ந்துவிட்டு, மற்றவர்களால் திறக்க முடியவில்லையே என்று தவிப்பார்கள். உபுண்டு 21.04 முதல் ஹோம் அடைவுக்குள் பிறர் நுழைய முடியாதபடி இயல்பிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. வாசலைக் கடக்க முடியாதவருக்கு உள்ளறையின் கதவு திறந்திருந்து என்ன பயன்? தானாக இணையும் வெளி வட்டைப் பகிரும்போதும் இதே சிக்கல் வரும். எனவே எல்லா அடைவுகளுக்கும் மேலே இருக்கும் ரூட் அடைவின் கீழ் உள்ள ‘எஸ்ஆர்வி’ என்னும் அடைவுக்குள் ‘நூல்கள்’ என்ற பொருளில் ஒரு புதிய அடைவை உருவாக்குங்கள்.

அதன்பின் ஒரு குழுவை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் லினக்ஸ் பயனர் கணக்கைத் தொடங்கி, எல்லாரையும் அக்குழுவில் சேர்க்க வேண்டும். அடைவின் குழு உரிமையை இந்தக் குழுவுக்கு மாற்றி, ‘சிஹெச்மாட்’ கட்டளையால் 2770 என்ற அனுமதியை வழங்குங்கள். 770 என்பது உரிமையாளரும் குழுவினரும் படிக்கலாம், எழுதலாம், பிறர் நுழையக் கூடாது என்று சொல்கிறது; முன்னால் உள்ள 2, அந்த அடைவுக்குள் பிறக்கும் எந்தக் கோப்பும் உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போகாமல் இந்தப் பொதுக் குழுவுக்கே உரியதாக இருக்கும்படி செய்கிறது. இந்த ஒற்றை இலக்கத்தை விட்டுவிட்டால், ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொருவரால் திருத்த முடியாத நிலை சில நாள்களிலேயே வந்துவிடும்.

லினக்ஸ் கடவுச்சொல் வேறு, சாம்பா கடவுச்சொல் வேறு என்பதையும் மறக்கலாகாது. சாம்பா தன் பயனர் பட்டியலைத் தனியே வைத்துக்கொள்கிறது. ‘எஸ்எம்பி பாஸ்டபிள்யூடி’ என்று சேர்த்து எழுதப்படும் கட்டளையை, ‘-ஏ’ என்னும் விருப்பத்தோடும் பயனர் பெயரோடும் இயக்கி, ஒவ்வொருவருக்கும் சாம்பா கடவுச்சொல்லைப் பதிய வேண்டும். லினக்ஸில் நன்றாக உள்நுழைகிற கடவுச்சொல்லை விண்டோஸிலிருந்து கொடுத்தால் ஏற்கவில்லை என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்தப் படியைத் தாண்டிப் போனதால் வருபவை.

இனி அமைப்புக் கோப்பு. ‘இடிசி’ அடைவுக்குள் இருக்கும் சாம்பா அடைவில் ‘எஸ்எம்பி.கான்ஃப்’ என்ற கோப்பைத் திறந்து, அதன் முடிவில் சதுர அடைப்புக்குறிகளுக்குள் பகிர்வின் பெயரை எழுதி, கீழே ஒவ்வொரு வரியாக ஐந்து அமைப்புகளைத் தர வேண்டும். ‘பாத்’ என்பதற்கு அடைவின் முழுப் பாதையைத் தாருங்கள். ‘ரீட் ஒன்லி’ என்பதற்கு ‘நோ’ என்று தராவிட்டால் எவராலும் எழுத முடியாது, ஏனெனில் இயல்புநிலை ‘எஸ்’ ஆகும். ‘வேலிட் யூசர்ஸ்’ என்பதற்கு, முன்னால் அட் குறியிட்டுக் குழுவின் பெயரைத் தந்தால் குழுவினர் மட்டுமே நுழைவர். ‘கிரியேட் மாஸ்க்’ என்பதற்கு 0660, ‘டைரக்டரி மாஸ்க்’ என்பதற்கு 2770 என்று தாருங்கள்.

மேக் கணினியும் இருப்பதால், அதே கோப்பின் தொடக்கத்தில் ‘குளோபல்’ என்று குறிக்கப்பட்ட பொதுப் பகுதியில் இன்னும் இரண்டு வரிகள் வேண்டும். மேக், ஒவ்வொரு கோப்போடும் நிறக் குறி, ஐகான் போன்ற கூடுதல் விவரங்களை வைத்துக்கொள்ளும்; அவற்றை வைக்க இடம் இல்லையென்றால், புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் நிழல் கோப்புகளைப் பக்கத்தில் பரப்பிவிடும். ‘விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ்’ என்னும் அமைப்பில் ‘கேட்டியா’, ‘ஃப்ரூட்’, ‘ஸ்ட்ரீம்ஸ் எக்ஸ்ஆட்டர்’ ஆகிய மூன்று கூறுகளையும் இதே வரிசையில் தந்து, ‘ஃப்ரூட்’ கூறின் ‘மெட்டாடேட்டா’ அமைப்புக்கு ‘ஸ்ட்ரீம்’ என்று தந்தால், இந்தக் குப்பை பெரிதும் குறையும். ஆப்பிளுக்கான கூறுக்குப் ‘பழம்’ என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவை எனக்குப் பிடித்திருக்கிறது.

கோப்பைச் சேமித்ததும் ‘டெஸ்ட்பார்ம்’ கட்டளையை இயக்குங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சொல்லிவிடும். பிறகு சாம்பா சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். டெபியன், உபுண்டுவில் அதன் பெயர் ‘எஸ்எம்பிடி’, ஃபெடோராவில் ‘எஸ்எம்பி’. வலையமைப்பிலிருந்து வருபவற்றை வடிகட்டும் ஃபயர்வாலில் சாம்பாவுக்கு வழி விடுங்கள். உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ, ஃபெடோராவின் ஃபயர்வால்டி ஆகிய இரண்டிலும் சாம்பா என்ற பெயரிலேயே ஆயத்த விதி இருக்கிறது. ஃபெடோரா பயன்படுத்துவோர் இன்னொன்றையும் செய்ய வேண்டும். அங்கே எஸ்இலினக்ஸ் என்னும் காவல் அமைப்பு இயங்குவதால், பகிர்ந்த அடைவுக்கு ‘சாம்பா ஷேர் டி’ என்ற முத்திரையை இட்டால்தான் சாம்பாவால் அதைத் தொட முடியும். அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் ‘பர்மிஷன் டினைடு’ என்று வந்தால் முதலில் இதைத்தான் ஐயுற வேண்டும்.

நான்காம் படி: விண்டோஸிலிருந்து திறத்தல்

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, இணைந்திருக்கும் வலையமைப்பு ‘பிரைவேட்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘பப்ளிக்’ என்று இருந்தால், விண்டோஸ் தான் ஒரு தேநீர்க் கடை வைஃபையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு கதவுகளைச் சாத்திவிடும்.

பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு, இடைவெளி இல்லாமல் 192.168.1.10 என்று எழுதி என்டர் விசையை அழுத்துங்கள். பக்கவாட்டில் உள்ள ‘நெட்வொர்க்’ படத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கடவுச்சொல் கேட்டால், சாம்பாவில் பதிந்த பெயரையும் கடவுச்சொல்லையும் தாருங்கள். விண்டோஸ் தன் கணினியின் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டு அடம் பிடித்தால், லினக்ஸ் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பயனர் பெயர் என்ற வடிவில் எழுதுங்கள். திறந்ததும், கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ என்பதைத் தேர்ந்து ஓர் எழுத்தை ஒதுக்கிவிட்டால், அது நாளையிலிருந்து ஒரு வட்டைப் போலவே இருக்கும்.

தவறான பெயரில் ஒருமுறை நுழைந்துவிட்டு, பிறகு சரியான பெயரைக் கொடுத்தால், ஒரே வழங்கியோடு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களில் இணைய முடியாது என்று விண்டோஸ் மறுக்கும். இந்தப் பிழையின் எண் 1219. கண்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதிக்குச் சென்று அந்த முகவரிக்கான பதிவை நீக்கி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் தீரும்.

மிகப் பழைய வலைச் சேமிப்புப் பெட்டி ஒன்று ஏற்கெனவே அலுவலகத்தில் இருந்து, புதிய விண்டோஸ் 11 கணினியிலிருந்து மட்டும் திறக்க மறுத்தால், காரணம் வேறு. 24ஹெச்2 முதல் புரோ போன்ற பதிப்புகள், ஒவ்வொரு செய்தியும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்று எஸ்எம்பி இணைப்பில் வற்புறுத்துகின்றன. பழைய பெட்டிகள் சிலவற்றால் அது இயலாது. சாம்பாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஐந்தாம் படி: மேக்கிலிருந்தும் மற்ற லினக்ஸ் கணினிகளிலிருந்தும் திறத்தல்

மேக்கில் ஃபைண்டரைத் திறந்து, கமாண்ட் விசையோடு கே விசையை அழுத்தினால் ‘கனெக்ட் டு சர்வர்’ பெட்டி வரும். அதில் எஸ்எம்பி என்று எழுதி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இட்டு, முகவரியைத் தர வேண்டும். கடவுச்சொல்லை மேக்கின் ‘கீசெயின்’ என்னும் சாவிக்கொத்தில் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். கணினியைத் திறக்கும்போதெல்லாம் இணைப்பு தானாக வர வேண்டுமானால், சிஸ்டம் செட்டிங்ஸின் ‘லாகின் ஐட்டம்ஸ்’ பட்டியலில் இந்தப் பகிர்வைச் சேர்க்கலாம்.

லினக்ஸ் மேசைக் கணினியில், கோப்பு மேலாளரின் முகவரிப் பட்டையில் இதே வடிவில் எழுதினால் போதும். நிலையாக இணைக்க விரும்பினால் ‘சிஐஎஃப்எஸ் யூட்டில்ஸ்’ தொகுப்பை நிறுவி, கணினி தொடங்கும்போது இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லை அந்த வரியிலேயே எழுதிவிடாமல், உரிமையாளர் மட்டுமே படிக்கக்கூடிய 600 அனுமதி கொண்ட தனிக் கோப்பில் வைத்து அதைச் சுட்டுங்கள். ‘நோஃபெயில்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துவிட்டால், வழங்கி அணைந்திருக்கும் நாளில் கணினி தொடங்கும்போதே தடுமாறி நிற்காது.

எதிர்த்திசையில் பகிர வேண்டுமானால்

விண்டோஸ் கணினியிலுள்ள கோப்புறையை மற்றவர்கள் திறக்க வேண்டியிருந்தால், அதன் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் ‘ஷேரிங்’ பகுதிக்குச் சென்று ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ வழியாகப் பகிருங்கள். அங்கே தரும் அனுமதி ஒன்று. ‘செக்யூரிட்டி’ பகுதியில் உள்ள, விண்டோஸின் வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ் தரும் அனுமதி வேறொன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுவே வெல்லும். பகிர்வில் முழு உரிமை தந்தும் எழுத முடியவில்லையென்றால், மற்றொன்றைத் திறந்து பாருங்கள்.

இதைவிடப் பெரிய பொறி, நான்கு இலக்க பின் எண். நாள்தோறும் பின் எண்ணையோ விரல்ரேகையையோ கொண்டு உள்நுழைபவருக்குத் தன் கடவுச்சொல் என்னவென்றே நினைவிருக்காது. பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். வலையமைப்பின் வழியே வருபவருக்கு உண்மையான கடவுச்சொல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இயங்கும் கணினியானால் பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரியைத் தர வேண்டியிருக்கும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை வலையமைப்பிலிருந்து பயன்படுத்த விண்டோஸ் அனுமதிப்பதில்லை. இவ்வளவு சுற்றுவதற்குப் பதிலாக, பகிர்வுக்கென்றே உள்ளூர்க் கணக்கு ஒன்றை அந்த விண்டோஸில் உருவாக்கிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸின் ‘ஜெனரல்’ பகுதியில் ‘ஷேரிங்’ என்பதைத் திறந்து ‘ஃபைல் ஷேரிங்’ சேவையை இயக்கலாம். அதன் ‘ஆப்ஷன்ஸ்’ பெட்டிக்குள் ‘விண்டோஸ் ஃபைல் ஷேரிங்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள பயனர் பெயருக்கு எதிரே குறியிட்டுக் கடவுச்சொல்லைத் தராவிட்டால், விண்டோஸிலிருந்து எத்தனை முறை முயன்றாலும் நுழைய முடியாமல் போகலாம்.

பெயர் ஏன் தெரியவில்லை?

முகவரி கொடுத்தால் திறக்கிறது, ஆனால் ‘நெட்வொர்க்’ சாளரத்தில் லினக்ஸ் கணினியின் பெயர் தெரியவில்லை என்பது மிகப் பொதுவான குறை. கோப்புகளைப் பகிர்வதும் கணினிகளைக் கண்டுபிடிப்பதும் இருவேறு வேலைகள். கணினிகளைக் கண்டுபிடிக்கும் பழைய நெட்பயாஸ் முறை எஸ்எம்பியின் முதல் பதிப்போடு பின்னிக் கிடந்ததால், அது விலகியதும் இதுவும் விலகியது. இன்றைய விண்டோஸ், டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்னும் முறையில் மற்றக் கணினிகளைத் தேடுகிறது; சாம்பா அதைத் தானாகப் பேசுவதில்லை. லினக்ஸில் ‘டபிள்யூஎஸ்டிடி’ என்னும் சிறு நிரலை நிறுவினால் பெயர் தோன்றும். மேக் கணினிகள் பான்ஜூர் முறையில் தேடுகின்றன. அதற்கு லினக்ஸில் ‘அவாஹி’ வேண்டும். கணினிகளின் பெயர்களை 15 எழுத்துகளுக்குள் வைப்பது நல்லது. ‘ஒர்க்குரூப்’ பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பழைய குறிப்புகள் வலியுறுத்தும். ஒன்றாக இருப்பதால் கேடில்லை, ஆனால் இன்று இணைப்பு அதைச் சார்ந்து நிற்பதில்லை.

தமிழ்க் கோப்புப் பெயர்களில் கவனிக்க வேண்டியவை

தமிழில் பெயரிடுவோர் சந்திக்கும் சில சிக்கல்கள் உண்டு. முதலாவது, நீளம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், ஒரு பெயரில் 255 குறிகளை ஏற்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஏற்பது 255 பைட்டுகளை. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். ‘கோ’ என்ற ஓர் எழுத்து, மெய்யும் உயிர்க்குறியுமாக 2 குறிகள், 6 பைட்டுகள். ஆகவே லினக்ஸில் ஒரு பெயருக்கு 85 தமிழ்க் குறிகளே உச்சம்; எழுத்தாக எண்ணினால் 50 சொச்சம்தான் தேறும். கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்புப் பெயராக வைக்கும் பழக்கம் உள்ளவர், விண்டோஸில் நன்றாக இருந்த கோப்பு நகலெடுக்க மறுக்கிறதே என்று வியப்பது இதனால்தான்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையோ இரட்டைக்கொம்பையோ துணைக்காலோடு (ஔகாரத்துக்கு அதற்குரிய நீட்டல் குறியோடு) தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு, பெயர்களை எப்போதும் பிரித்தே சேமிக்கும். இப்போதைய ஏபிஎஃப்எஸ் வந்தபடியே சேமித்தாலும் இரண்டையும் ஒன்றாகக் கருதும். லினக்ஸுக்கும் விண்டோஸுக்குமோ இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் வட்டிலிருந்து ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் கருவி வழியாகக் கோப்புகளைக் கொண்டுவந்தால், ‘தொகுப்பு’ என்ற பெயரிலேயே இரண்டு கோப்புறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். தேடினால் ஒன்று மட்டுமே அகப்படும். லினக்ஸில் ‘கான்வ்எம்வி’ என்னும் கருவி, என்எஃப்சி என்ற விருப்பத்தோடு இயக்கினால், எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றித் தரும். ‘நோடெஸ்ட்’ என்று தராதவரை அது எதையும் மாற்றாமல் பட்டியலை மட்டும் காட்டும் என்பதால், முதலில் பார்த்துவிட்டு மாற்றலாம். ஆனால் ‘மௌனம்’ என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், ஒற்றைக்கொம்போடு ‘ள’ என்ற எழுத்தைச் சேர்த்து ‘மெளனம்’ என்று எழுதியிருந்தால் எந்தக் கருவியும் திருத்தாது. கணினியின் கணக்கில் அது வேறு சொல்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு தமிழில் இல்லாததால் அந்தத் தொல்லை நமக்குக் குறைவு; கோப்பின் பின்னொட்டில் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள்குறி, உடுக்குறி, செங்குத்துக்கோடு ஆகியவற்றைப் பெயர்களில் தவிர்த்துவிடுங்கள். ‘கூட்டம்: முதல் நாள்’ என்று லினக்ஸில் பெயரிட்டால், விண்டோஸில் அது அடையாளம் தெரியாத சிதைந்த பெயராகத் தோன்றக்கூடும்.

இணைப்பு வராதபோது சோதிக்கும் வரிசை

மூன்று அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பதுதான் நேரத்தை விழுங்கும் வழி. முகவரிகள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்து 445ஆம் போர்ட் (எஸ்எம்பி போய் வரும் எண்ணிட்ட வழி) திறந்திருக்கிறதா என்று சோதியுங்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளைக்கு முகவரியையும் போர்ட் எண்ணையும் தந்தால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். கணினி இருக்கிறதா என்று கேட்கும் ‘பிங்’ கட்டளைக்குப் பதில் வராததை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஏனெனில் ஃபயர்வால்கள் அதைத் தனியே தடுப்பதுண்டு. போர்ட் மூடியிருந்தால் குறை ஃபயர்வாலிலோ, இயங்காத சேவையிலோ இருக்கிறது. போர்ட் திறந்திருந்தும் கடவுச்சொல்லை மறுத்தால் குறை கணக்கில் இருக்கிறது. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு கோப்புறையை மறுத்தால் அடைவின் அனுமதியில் இருக்கிறது. இந்த மூன்று வாசல்களில் எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டால், மேலே சொன்ன படிகளில் எதற்குத் திரும்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வெளியூரிலிருந்து கோப்புகளைத் திறக்க விரும்பி, ரூட்டரில் 445ஆம் போர்ட்டை இணையத்தை நோக்கித் திறந்துவிடுவதை ஒருபோதும் செய்யலாகாது. அதற்கு வயர்கார்டு போன்ற விபிஎன் (மறைகுறியிட்ட தனி இணைப்பு) ஒன்றை அமைத்து, அதன் வழியாக வீட்டு வலையமைப்புக்குள் வந்து சேர வேண்டும்.

நீக்கிய கோப்பு எங்கே போகும்?

தன் வட்டில் நீக்கிய கோப்பு ரீசைக்கிள் பின்னில் கிடக்கும் என்ற துணிவோடு விண்டோஸ் பயனர்கள் டெலீட் விசையை அழுத்துவார்கள். வலையமைப்பில் உள்ள கோப்பு அப்படித் தங்குவதில்லை, நேரே போய்விடும். சாம்பாவில் ‘ரீசைக்கிள்’ என்றொரு கூறு உண்டு. முன்னர் எழுதிய ‘விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ்’ வரியிலேயே அதையும் சேர்க்க வேண்டும். பகிர்வுப் பகுதியில் தனியாக இன்னொரு வரி எழுதினால், பொதுப் பகுதியில் எழுதிய வரி அந்தப் பகிர்வுக்குச் செல்லாததாகிவிடும். இயல்பாக அது நீக்கப்பட்ட கோப்புகளை, பகிர்வுக்குள்ளேயே புள்ளியில் தொடங்கும் ஒரு மறை அடைவுக்கு நகர்த்தி வைக்கும். ‘கீப்ட்ரீ’ என்பதற்கு ‘எஸ்’ என்று தந்தால் பழைய கோப்புறை அமைப்பும், ‘வெர்ஷன்ஸ்’ என்பதற்கு ‘எஸ்’ என்று தந்தால் ஒரே பெயரில் நீக்கிய பல கோப்புகளும் காக்கப்படும். அந்த மறை அடைவு தானாகக் காலியாவதில்லை. மாதம் ஒருமுறை திறந்து பார்த்துப் பழையவற்றை அழித்துவிடுங்கள், இல்லையெனில் வட்டு நிரம்பிய நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் உங்களைத் தேடி வருவார்கள்.